அங்கே இப்போது எத்தனை மணி?

இரவு ஒரு மணி. ஊர் முழுவதும் உறங்கிவிட்டது. கோப்பாய்ப் பகுதியிலுள்ள ஒரு வீட்டிலே, தலைமாட்டிற் கிடந்த கைத்தொலைபேசி கணகணவென ஒலிக்கின்றது. மூதாட்டி ஒருத்தி துணுக்குற்று எழுகின்றாள். இந்த நேரத்தில் வருவது நற்செய்தியாக இருக்குமோ? கைகள் நடுங்க எடுத்துக் காதில் வைக்கின்றாள். மறுமுனையில் கனடாவிலுள்ள பேரன் உற்சாகமாகக் கூவுகின்றான்:

"அம்மம்மா! நான் சோதினை பாஸ்!"

"அட என்ரை ராசா! நல்லாயிரு. ஆனால் மோனை, இஞ்சை இப்ப சாமம் எல்லே!"

"சாமமோ? இஞ்சை பின்னேரம் மூன்றரை மணி, அம்மம்மா."

இக்காட்சி கற்பனையே. ஆயினும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒருமுறையேனும் நடவாத வீடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை இருக்கும்? 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ, சிட்னி எனத் திக்கெல்லாம் சிதறினர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர் இருந்தால் நால்வருக்கும் நான்கு விதமான மணி. ஒருவனுக்குக் காலை உணவு; மற்றவனுக்கு நடு இரவு. தாயின் மனமோ நான்கு மணிக்கூடுகளையும் ஒருங்கே பார்த்துக்கொண்டிருக்கின்றது.

"அங்கே இப்போது எத்தனை மணி?" என்ற கேள்விக்கு விடை காணும் கணக்கு மிகச் சிறியது, நாலாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியது. அப்படியிருந்தும் பெரியவர்கள் அதில் இடறுகின்றனர். இடறுவதற்குக் காரணம் கணக்கன்று. எந்த நேரத்தைக் கணக்கிட்டு மாற்றவேண்டும், எதனை மாற்றலாகாது என்பதை நாம் பிரித்தறிவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூரியன் தந்த நேரம்

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 24 மணி ஆகின்றது. ஒரு முழு வட்டம் 360 பாகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் முன்னோர் கையாண்ட நாழிகைக் கணக்கிலே இது இன்னும் அழகாகப் பொருந்தும். ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. அந்தப் பழைய விநாடி இன்றைய மணிக்கூட்டில் 24 செக்கன். அக்கணக்கின்படி ஒரு பாகைக்குச் சரியாகப் பத்து விநாடி.

கிழக்கேயுள்ள ஊருக்குச் சூரியன் முந்தி வரும். மேற்கேயுள்ள ஊருக்குப் பிந்தி வரும். இவ்வுண்மையைப் பாரத நாட்டு வான நூலார் நன்கு அறிந்திருந்தனர். கிறீன்விச்சு என்ற பெயரை எவரும் கேள்விப்படாத காலத்திலே அவர்கள் உச்சயினி நகரத்தின் வழியாகச் செல்லும் தீர்க்கரேகையைத் தம் கணக்குக்கு மூலமாகக் கொண்டனர். இக்காலப் பாடநூல்கள் தீர்க்கரேகையை நெட்டாங்கு என்று கூறும். அந்தக் கோடு பூமத்தியரேகையைச் சந்திக்கும் புள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் இலங்கை! அது நமது தீவன்று. கணிதத்துக்காகக் கற்பித்த ஓர் இடம். அந்தக் கோட்டிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே உள்ளதோ, அதற்கேற்பச் செய்யும் திருத்தத்தைத் தேசாந்தரம் என்றனர். இன்று நாம் நேர வலயக் கணக்கு என்று புதுமையாகப் பேசுவது அந்தத் தேசாந்தரத்தின் வழிவந்த பேரனேயன்றி வேறன்று.

யாழ்ப்பாணப் பட்டினம் கிறீன்விச்சுக்குக் கிழக்கே ஏறக்குறைய 80 பாகையில் இருக்கின்றது. எண்பதை நாலாற் பெருக்கினால் 320 நிமிடம். அதாவது 5 மணி 20 நிமிடம். ஆனால் நம் சுவரிலுள்ள மணிக்கூடு 5 மணி 30 நிமிடம் முந்தி ஓடுகின்றது. அது 82½ பாகைக்கு உரிய நேரம். அந்தக் கோடு வட இந்தியாவில் அலகாபாத்துக்கு அண்மையாகச் சென்று, நமது தீவைத் தொடாமலே கிழக்குக் கடலின் மீது போகின்றது. எனவே நம் மணிக்கூடு பன்னிரண்டு காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தியே வருகின்றது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாளிலே, ஏப்பிரல் 15 ஆந் திகதியளவில், சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சியில் வருகின்றான். அன்று முற்றத்திலே ஒரு தடியைச் செங்குத்தாக நாட்டிவையுங்கள். நிழல் குறுகிக் குறுகி, ஏறத்தாழப் பிற்பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு முற்றாக மறையும். அதுவே யாழ்ப்பாணத்தின் உண்மையான நண்பகல். மற்ற மாதங்களில் இக்கணக்குச் சற்று மாறும். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 11 மணி 54 நிமிடத்துக்கே உச்சிக்கு வந்துவிடுவான். பெப்ரவரி நடுப்பகுதியில் 12 மணி 24 நிமிடம்வரை தாமதிப்பான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக அமையாததும் பூமியின் அச்சுச் சாய்ந்திருப்பதுமே இதற்குக் காரணம். மணிக்கூட்டுக்கு இந்த ஏற்றத்தாழ்வெல்லாம் தெரியாது. அது மனிதன் வகுத்த ஒழுங்கின்படி சமநடை போடுகின்றது.

புகையிரதம் கொணர்ந்த நேரம்

முற்காலத்தில் ஊருக்கொரு நேரம் இருந்தது. மாட்டுவண்டியிற் பயணஞ் செய்தவனுக்குப் பத்து நிமிட வேறுபாடு ஒரு பொருட்டன்று. புகையிரதம் வந்ததும் நிலைமை மாறியது. ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு நேரம் இருந்தால் வண்டிகள் மோதாமல் ஓடுவது எப்படி? இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டளவிலே புகையிரதக் கம்பனிகள் இலண்டன் நேரத்தைத் தம் பாதை முழுவதற்கும் ஏற்கத் தொடங்கின. 1884 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கிறீன்விச்சுக் கோட்டையே உலகத்துக்கு மூலக் கோடாகக் கொள்ளத் தீர்மானித்தனர். பிரான்சு தேசத்துக்கு அது உவப்பாயில்லை. 1911 வரை அந்நாடு பாரிஸ் நேரத்தையே விடாது பற்றியிருந்தது.

இந்தியாவிலும் இதே பிடிவாதம் இருந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையம் கணித்த சென்னை நேரம், கிறீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. புகையிரதங்கள் அதன்படி ஓடின. 1906 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பொது நேரம் வந்த பின்னரும் கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தைக் கைவிட மனமின்றி இருந்தன. நேரம் என்பது வெறும் எண் என்று எண்ணுகின்றோம். ஆனால் ஓர் ஊரின் மானமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது போலும்!

இலங்கையும் 1906 இலேயே ஐந்தரை மணி நேரத்தை ஏற்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1905 இல். பாதை வந்த மறு ஆண்டே பொது நேரமும் வந்தது. யாழ் நகரின் அடையாளமாக நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் இவ்விரண்டுக்கும் மூத்தது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டு 1882 இல் திறக்கப்பட்ட அக்கோபுரம், இன்றைய பொது நேரம் பிறக்குமுன்னே மணி காட்டியது. பின்பு போரினாற் சிதைந்து, மீளவும் திருத்தப்பட்டு இன்று நிற்கின்றது.

ஒரே வீதியில் இரண்டு நேரம்

பிறநாடு சென்றாற்றான் நேரம் மாறும் என்று நினைப்போருக்கு, நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல், இலங்கையின் மணிக்கூடுகள் முதலில் அரை மணியும், அவ்வாண்டிலேயே பின்னும் அரை மணியும் முன்தள்ளப்பட்டன. போர் முடிந்து 1945 ஒக்டோபரில் பழைய நேரம் திரும்பியது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் எவரும் நேரத்திற் கை வைக்கவில்லை.

1996 இல் நாட்டிலே மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்கள் வாடின. மாலையில் விளக்கேற்றும் நேரத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று கருதி, அரசாங்கம் 1996 மே 25 ஆந் திகதி மணிக்கூடுகளை ஒரு மணி முன்தள்ளியது. காலை ஆறு மணியென்று மணிக்கூடு கூறியது, வானமோ இருண்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 ஆந் திகதி அதில் அரை மணி குறைக்கப்பட்டது. அன்றுமுதல் ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டுகள், இலங்கையின் அரச நேரம் கிறீன்விச்சுக்கு ஆறு மணி முந்தியதாகவே இருந்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வேதனை என்றாலும் தகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தேசிய மின் இணைப்பு 1990 முதலே அறுந்துபோயிருந்தது. ஜாம் போத்தலில் திரியிட்டு, துளியளவு மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்த காலம் அது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த நேரம், மின்சாரமே வராத வீடுகளிலும் அமுலாகியது!

அக்காலத்தில் குடாநாட்டின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டிலும், வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வன்னியில் புதிய நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரை மணி நேரமே நின்றது. ஆகவே யாழ்ப்பாணத்தில் எட்டு மணி ஆகும்போது கிளிநொச்சியில் ஏழரை. 'புதிய நேரமோ, பழைய நேரமோ?' என்ற கேள்வி இல்லாமல் எந்த நேரத்தையும் பேசமுடியாது போயிற்று.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின்பின் கண்டி வீதி திறந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருபவர் ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டும். முகமாலையைக் கடந்ததும் மீண்டும் அரை மணி முன்னே திருப்ப வேண்டும். கடல் கடக்கவில்லை, நாடு மாறவில்லை, சூரியனும் இடம் பெயரவில்லை. பேசும் மொழியும் உண்ணும் சோறும் ஒன்றே. ஒரே வீதியில், ஒரே பயணத்தில், இரண்டு தடவை நேரம் மாறியது.

2006 ஏப்பிரல் 15 ஆந் திகதி, புத்தாண்டை அடுத்து, அரசாங்கம் பழைய ஐந்தரை மணி நேரத்துக்கே திரும்பியது. முற்றத்துத் தடியின் நிழல் மறையும் நாள் என்று மேலே கூறினோமே, அந்நாளேதான். முதல்நாள்வரை 12 மணி 40 நிமிடத்துக்கு வந்த உச்சிப்பொழுது, அன்று 12 மணி 10 நிமிடத்துக்குத் திரும்பியது. ஓமந்தைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே மணி ஆயிற்று. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே போர் மூண்டு முகமாலையில் வீதி அடைபட்டது. நேரம் இரண்டாயிருந்தபோது வீதி திறந்திருந்தது. நேரம் ஒன்றானபோது வீதி மூடப்பட்டது.

ஒரு கணம், பல மணிகள்

அந்த இரு நேரக் காலத்திலேதான் 2004 டிசம்பர் 26 ஆம் நாளும் வந்தது. சுமாத்திராத் தீவின் கடலடியில் பூமி அதிர்ந்த அக்கணத்திலே கிறீன்விச்சு நேரம் பின்னிரவு 12 மணி 58 நிமிடம். சுமாத்திராவின் மணிக்கூடுகளில் காலை 7.58. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 6.58. சென்னையிலும் கிளிநொச்சியிலும் 6.28. கணம் ஒன்று, எழுதப்பட்ட மணிகள் மூன்று. கடலலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் அதன் வாயிற்பட்டன. எச்சரிக்கத் தக்க ஏற்பாடு இந்துசமுத்திரத்தில் அப்போது இருந்ததில்லை.

இன்று அத்தகைய ஏற்பாடு உண்டு. ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையங்கள் வெளியிடும் செய்திகளில் நேரம் கிறீன்விச்சை அடியாகக் கொண்ட உலகப் பொது நேரத்திலே குறிக்கப்படுகின்றது. ஏன்? 'காலை ஏழு மணி' என்று மட்டும் எழுதினால், எவருடைய காலை என்ற ஐயம் எழும். ஐயந் தெளியுமுன் கடல் வந்துவிடும். நேரத்தோடு இடத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்ற பாடத்தை இதிலும் தெளிவாகக் கற்பிக்க வேறு நிகழ்ச்சி வேண்டியதில்லை.

கணக்கு முறை

இனிக் கணக்கைப் பார்ப்போம். விதி இதுதான்: நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் கிறீன்விச்சு நேரம் கிடைக்கும்; அதிலிருந்து, போகவேண்டிய ஊர் கிழக்கானால் அதற்குரிய மணியைக் கூட்டுக, மேற்கானால் கழிக்க.

ஞாயிறு இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரையைக் கழித்தால் ஞாயிறு பிற்பகல் இரண்டரை. மாரிகாலத்தில் இலண்டன் நேரம் அதுவே. பாரிசும் ஒஸ்லோவும் ஒரு மணி முந்தியவை. ஆகவே அங்கே பிற்பகல் மூன்றரை. ரொறன்ரோ ஐந்து மணி பிந்தியது. அங்கே ஞாயிறு காலை ஒன்பதரை. சிங்கப்பூர் எட்டு மணி முந்தியது. அங்கே இரவு பத்தரை. அதே மாதங்களில் சிட்னி பதினொரு மணி முந்தியது. அங்கே பின்னிரவு ஒன்றரை. கிழமையும் மாறிவிட்டது, அங்கே திங்கள்.

இலண்டனிற் பிள்ளைகளை உடையோர்க்கு ஓர் எளிய வித்தை சொல்லுகின்றேன். முட்களையுடைய கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எட்டு மணியாயின், சிறிய முள் இரண்டு இருக்கவேண்டிய இடத்திலும், பெரிய முள் ஆறு இருக்கவேண்டிய இடத்திலும் நிற்கும், அதாவது இரண்டரை. தலைகீழாக்கினால் சிறிய முள் ஆறு மணியும் பெரிய முள் அரை மணியும் விலகுவதால், நம் ஐந்தரை மணிக் கணக்குக்கு இவ்வித்தை பொருந்துகின்றது. ஆறு மணி வேறுபாடு இருந்த அந்த ஒன்பதரை ஆண்டுகளில் இது பலித்திராது. கோடைகாலத்திலும் விடையோடு ஒரு மணி கூட்டவேண்டும்.

கோடைகாலம் என்றேன். இடறுமிடம் இதுவே. மேலைநாட்டார் கோடையிலே மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளுவர். இலண்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு வரை. ரொறன்ரோவில் மார்ச்சு இரண்டாம் ஞாயிறு தொடக்கம் நவம்பர் முதல் ஞாயிறு வரை. சிட்னி, மெல்பேர்ண் நகரங்கள் தென்கோளத்தில் உள்ளன. நம் மார்கழி அவர்கட்குக் கோடை. ஆகையால் அங்கே ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம் ஏப்பிரல் முதல் ஞாயிறு வரை. நாம் மணிக்கூட்டைத் தொடுவதில்லை. எனவே யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே மாரியிற் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி. பேரன் சோதினையிற் சித்தியடைந்தது கோடையில். ஆதலாலே அவனுக்குப் பின்னேரம் மூன்றரை, அம்மம்மாவுக்கு மறுநாள் இரவு ஒரு மணி.

மார்ச்சு மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கும் கடைசி ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட நாட்களில் ரொறன்ரோ மாறியிருக்கும், இலண்டன் மாறியிராது. வழக்கமாக ஐந்து மணி வேறுபடும் அவ்விரு நகரங்களும் அந்நாட்களில் நான்கு மணியே வேறுபடும். மூன்று நாட்டு உறவினர் கூடிப் பேச நேரம் குறிப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இன்னொன்று கிழமை. வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணத்திலே தாலி கட்டும் முகூர்த்தம். ரொறன்ரோவிலுள்ள தமையன் தொலைக்காட்சித் திரையிலேனும் தங்கையின் திருமணத்தைக் காண விரும்புகின்றான். ஒன்பதரை மணியைக் கழித்தால் அவனுக்கு அது ஞாயிறு இரவு ஒன்பது மணி. அழைப்பிதழில் 'திங்கள்' என்றிருப்பதைப் பார்த்துத் திங்கள் காலை எழுந்து அமர்ந்தானாயின், இங்கே மணமக்கள் பந்தியும் முடித்து மாலைப் பொழுதிற் களைத்திருப்பர். தவறியது ஒரு மணியன்று. வாழ்நாளில் ஒருமுறை வரும் காட்சி.

மாற்றத் தகுந்தது, மாற்றத் தகாதது

இனி முதலிற் கூறிய வேறுபாட்டுக்கு வருவோம். உலகத்தில் நிகழ்வன இருவகை. சில நிகழ்ச்சிகள் உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் நிகழ்வன. தொலைபேசி உரையாடல் அத்தகையது; முகூர்த்தத்திலே தாலி கட்டுவதும் அத்தகையது; பூமி அதிர்ச்சியும் அத்தகையது. இவற்றைக் கணக்கிட்டு மாற்றவேண்டும். வேறு சில, அவ்வவ்வூர்ச் சூரியனைப் பொறுத்தவை. உதயம், உச்சி, அந்தி முதலியன அத்தகையன. இவற்றை மாற்றலாகாது, அவ்வூருக்கெனப் புதிதாகக் கணிக்கவேண்டும்.

பஞ்சாங்கத்திலே இவ்விருவகையும் ஒரே பக்கத்தில் அருகருகே கிடக்கின்றன. அதனாலேதான் புலம்பெயர்ந்தோர் மயங்குகின்றனர்.

திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகுக்கெல்லாம் ஒன்றே. ஓர் எடுத்துக்காட்டு: மாரிகாலத்தில் ஓர் அமாவாசை, யாழ்ப்பாண நேரப்படி ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கித் திங்கள் பிற்பகல் 3 மணிக்கு முடிகின்றதாக வைத்துக்கொள்வோம். இங்கே திங்கள் உதயத்திலும் உச்சியிலும் அமாவாசை நிற்கின்றது. ஆகவே தந்தையை நினைந்து விரதமிருக்கும் நாள் திங்கள். ரொறன்ரோவிலோ பத்தரை மணி கழிய, அந்த அமாவாசை ஞாயிறு காலை 5.30 க்குத் தொடங்கித் திங்கள் அதிகாலை 4.30 க்கே முடிந்துவிடுகின்றது. அங்கே பகல் முழுவதும் அமாவாசை நிற்பது ஞாயிறன்று. யாழ்ப்பாணத்து நாட்காட்டியிலே திங்கள் என்றிருக்கின்றதே என்று மகன் அங்கே திங்களன்று எள்ளும் தண்ணீரும் இறைத்தால், திதி கழிந்த பின்னர் இறைத்தவனாவான். அண்ணன் இங்கே திங்களிலும் தம்பி அங்கே ஞாயிறிலும் விரதமிருப்பது முரணன்று. இருவரும் ஒரே அமாவாசையையே அனுட்டிக்கின்றனர்.

இராகுகாலம் இதற்கு நேர்மாறானது. பகற்பொழுதை எட்டாகப் பங்கிட்டு, ஞாயிறன்று எட்டாம் பங்கை இராகுகாலம் என்பர். உதயம் ஆறு, அந்தி ஆறு என்று கொண்டால் அது மாலை நாலரை முதல் ஆறு வரை. யாழ்ப்பாணத்தில் இரவும் பகலும் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாதிருத்தலால் இக்கணக்கு ஒருவாறு பொருந்தும். இதனையே ஐந்தரை மணி கழித்து, இலண்டனில் முற்பகல் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை என்று கொள்வது பிழை. ஆனி மாதத்திலே இலண்டனிற் பகல் ஏறக்குறையப் பதினாறரை மணி நீளம். அதில் எட்டிலொரு பங்கு இரண்டு மணிக்கு மேல். மார்கழியிலோ பகல் எட்டு மணிக்கும் குறைவு. எட்டிலொரு பங்கு ஒரு மணியளவே. சூரியன் பிற்பகல் நாலு மணிக்கு முன்னரே மறைந்துவிடும் ஊரிலே, மாலை ஆறு மணிவரை இராகுகாலம் என்று கதவடைத்திருப்பது பொருளற்றது. நம்பிக்கையுடையோர் அவ்வூருக்கெனக் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தைப் பார்த்தோ, அங்குள்ள கோயிற் குருக்களைக் கேட்டோ ஒழுகுவதே முறை. நம்பிக்கையில்லாதோரும் இதிலுள்ள கணிதத்தை இரசிக்கலாம்.

முடிவாக ஒரு சொல்

இக்காலத்தில் கைத்தொலைபேசியே எந்த ஊரின் நேரத்தையும் காட்டுகின்றதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். கருவி காட்டுவது உண்மை. ஆனால் அமாவாசையை மாற்றவேண்டும், இராகுகாலத்தை மாற்றலாகாது என்ற பகுத்தறிவை அது நமக்காகச் செய்து தராது. மறுமுனையில் ஒருவர் உறங்குகின்றார் என்று எண்ணிப் பார்ப்பதும் நம்முடைய வேலையே.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வோமாக. நேரத்தை எழுதும்போதெல்லாம் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுவோம். மணியை மாற்றியபின் கிழமையும் மாறியதா என்று பார்ப்போம். மார்ச்சு, ஏப்பிரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒருமுறைக்கு இருமுறை கணக்கைச் சரிபார்ப்போம்.

கோப்பாய் மூதாட்டி மறுநாட் காலையிலே நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதுகின்றாள்: 'கனடா, கோடையில் ஒன்பதரை, மாரியில் பத்தரை.' பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்க்கின்றாள். இங்கே காலை ஆறரை. அங்கே முதல்நாள் இரவு ஒன்பது. பேரன் இன்னும் உறங்கியிருக்க மாட்டான். இரவு தூக்கக் கலக்கத்திற் சரியாகச் சொல்லாமல் விட்ட வாழ்த்தை இப்போது சொல்லலாம் என்று தொலைபேசியை எடுக்கின்றாள்.